ஹார்டு டிஸ்க்கில் பேட் செக்டர்: அறிகுறியைப் பார்த்துக் கை வைக்கும் வழி

பேட் செக்டர், அதாவது தட்டில் படிக்க முடியாமல் போன சிறு இடம், என்று சொல்லி வருகிற ஹார்டு டிஸ்க்குகளில் அடிக்கடி பார்ப்பது இது: போயிருப்பது பத்துப் பதினைந்து செக்டர்தான். ஆனால் அதைச் சரி செய்வதாக நினைத்து யாரோ ராத்திரி முழுக்க, விண்டோஸின் டிஸ்க் திருத்தும் நிரலான செக்டிஸ்க்கை ஓடவிட்டிருப்பார்கள். காலையில் பார்த்தால் பாதி ஃபோல்டரைக் காணோம். அப்புறம்தான் சர்வீஸ் கடை ஞாபகத்துக்கு வரும்.

அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுப்பது, பிறகு சோதனை, கடைசியில் ரிப்பேர். பேக்கப் பத்திரமாக இருக்கிறதென்றால் நேராகச் சோதனைக்குப் போகலாம். "இருக்கும்னு நினைக்கிறேன்" என்பது பதிலாக வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் உள்ளே தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டியின் கதை வேறு.

## எல்லாவற்றுக்கும் முன்: ஐந்து எண்கள்

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். இரண்டும் இலவசம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை இவை காட்டும். அதில் ஐந்து வரிகளைப் பார்த்தால் போதும்.

- 5: கெட்டுப்போன செக்டரை ஒதுக்கிவிட்டு, டிஸ்க் தன் உபரி இடத்தில் மாற்று கொடுத்த எண்ணிக்கை.
- 197, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5: படிக்க முடியாமல் போய், முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். "பெண்டிங்" என்பது இதைத்தான்.
- 198, அதாவது சி6: டிஸ்க் சும்மா இருக்கும்போது தானே சோதித்துப் படிக்க முடியாதவை.
- 187, அதாவது பிபி: கணினி கேட்டும் டிஸ்க் கைவிரித்த தடவைகள்.
- 199, அதாவது சி7: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே, கேபிள் வழியில் வந்த பிழை.

ஒரு பொறி இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். 10 என்று இருந்தால் அது 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய், 10 டெக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான எண் வரும். இன்னொன்று, சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். பிழையும் மொத்த வாசிப்பும் ஒரே எண்ணுக்குள் பொதிந்திருப்பதால் வருவது அது. அதைப் பார்த்துப் பதறிப் போன் செய்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

இந்த ஐந்தையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் சரி. அடுத்த வாரம் இதே எண்கள் ஏறியிருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் பல முடிவுகள்.

## அறிகுறி: கணினி நின்று நின்று போகிறது, டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது

முதலில் இது பேட் செக்டர்தானா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அந்த டிஸ்க்கைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதம், வாசிப்பு வேகம் நொடிக்கு 60, 80 எம்பி என்று ஓடிக்கொண்டிருந்தால், டிஸ்க் வேலை செய்கிறது. வேலை கொடுப்பவர்தான் அதிகம். அப்டேட், ஆன்டிவைரஸ், ரேம் போதாமை இவற்றில் ஒன்று. டிஸ்க்கை விட்டுவிடலாம்.

டிஸ்க் 100 சதவீதம், வேகம் மட்டும் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் நிற்கிறதா? அதுதான் நாம் தேடும் ஆள். ஒரே செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது டிஸ்க். சுட்டி நகரும், எதைச் சொடுக்கினாலும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எல்லாம் மொத்தமாகத் திறக்கும்.

செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

கேபிள். 199 ஏறியிருந்து, 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கின் மேல் பழி இல்லை. சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பழைய கேபிளைத் துடைத்து மறுபடி செருகுவது அந்த நேரத்துக்கு வேலை செய்வதுபோல் காட்டும், நம்ப வேண்டாம். 199 எண் ஏறினால் இறங்காது, கேபிள் மாற்றிய பிறகும் அப்படியே நிற்கும். மேலே ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

மின்சாரம். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 129 என்ற எண்ணில் ரீசெட் பதிவுகள் வரிசையாக இருந்தால், கேபிளுக்கு அடுத்து, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கன்வெர்ட்டர் போட்டு இரண்டு டிஸ்க் தொங்கவிட்ட கேபினெட்டுகளில் இது சகஜம். வேறு பவர் கனெக்டரில் மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க்கின் வகை. படிக்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை, பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது மட்டும் வேகம் படுத்துவிடுகிறது, ஸ்மார்ட் எண்களும் சுத்தம் என்றால் அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். தடங்களை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. அதன் சுபாவமே அப்படி, பழுது இல்லை.

கடைசியாக, பேட் செக்டரே. அதே சிஸ்டம் பகுதியில் 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண் வந்தால் கெட்ட பிளாக் என்று விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. 153 வந்தால் ஒரு வேலையைத் திரும்ப முயன்றது என்று பொருள். 52 வந்தால் டிஸ்க்கே "நான் போகப்போகிறேன்" என்று சொல்லிவிட்டது. 7 அல்லது 52 பார்த்த நிமிடத்தில் இந்த இடத்தை விட்டு அடுத்த அறிகுறிக்குப் போய் டேட்டாவை எடுங்கள்.

## அறிகுறி: காப்பி ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது சைக்ளிக் ரிடண்டன்சி செக் என்று பிழை வருகிறது

வெளியில் செருகும் டிஸ்க் என்றால் முதலில் யூஎஸ்பி பக்கம். கேபினெட்டின் முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தில், போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். ஹப் வேண்டாம். நீளமான கேபிள் வேண்டாம். முன்பக்கம் மின்சாரம் போதாமல் டிஸ்க் துண்டாகித் துண்டாகிச் சேர்வதைப் பேட் செக்டர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கேபிள் மாற்றியும் அதே கோப்பு, அதே சதவீதத்தில் நிற்கிறதென்றால் பேட் செக்டர்தான். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் இன்னும் கேபிள் அல்லது பவர் பக்கமே பாருங்கள்.

சரி, எப்படி எடுப்பது? மொத்த ஃபோல்டரையும் இழுத்துப் போடுவதுதான் மிக மோசமான வழி. ஒரு கெட்ட கோப்பில் மாட்டிக்கொண்டு மற்ற ஆயிரம் நல்ல கோப்புகளும் காத்திருக்கும்; அதுவரை டிஸ்க் அந்தக் கெட்ட இடத்தையே சுரண்டிக்கொண்டிருக்கும். முக்கியமானதை முதலில் எடுங்கள். டேலி டேட்டா, ஸ்கேன் செய்த பத்திரங்கள், குழந்தையின் போட்டோ என்று உங்களுக்கே தெரியும். சினிமாவும் விளையாட்டும் கடைசியில்.

விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி இதற்கு நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. எதுவும் சொல்லாமல் ஓடவிட்டால், படிக்க முடியாத ஒரு கோப்பை 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 விநாடி இடைவெளி விட்டு முயலும். அதன் இயல்பான அமைப்பே அதுதான். டிஸ்க் செத்து, புல் முளைத்த பிறகும் அது முயன்றுகொண்டிருக்கும். கட்டளையின் முடிவில் /ஆர்:0 /டபிள்யூ:0 சேருங்கள். படிக்க முடியாததை உடனே தாண்டிப் போகும். துணை ஃபோல்டர்களும் வர /ஈ. எது விட்டுப்போனது என்று பார்க்க /லாக்: போட்டு ஒரு கோப்பின் பெயர். நல்லதெல்லாம் பத்திரமாக வந்த பிறகு, விட்டுப்போனவற்றை மட்டும் /ஆர்:2 வைத்து மறுபடி.

எங்கே நிறுத்த வேண்டும்: விட்டுப்போன கோப்புகள் பத்து இருபதுக்குள், அவற்றில் முக்கியமானது எதுவும் இல்லை என்றால் இதோடு போதும். நூற்றுக்கணக்கில் விட்டுப்போனாலோ, ஓட ஓட 197 ஏறிக்கொண்டே போனாலோ காப்பியை நிறுத்திவிட்டு, கீழே பூட் ஆகாத டிஸ்க்குக்குச் சொல்லியிருக்கும் டிடிரெஸ்க்யூ வழிக்குப் போங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். "ஓடுதே, அப்புறம் ஏன் காஷன்னு காட்டுது?"

எந்த எண் என்பதைப் பொறுத்து மூன்று கிளை.

5 மட்டும் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறது, 197 பூஜ்யம். கெட்டது ஒதுக்கப்பட்டுவிட்டது. எழுதி வைத்து, வாரம் ஒருமுறை என்று ஒரு மாதம் பாருங்கள். 8 என்றிருந்தது 8 ஆகவே நின்றால், முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 8, 24, 120 என்று ஏறினால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். பெரும்பாலும் எட்டின் மடங்காக ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டராக எழுதி, வெளியே 512 பைட்டாகக் காட்டுவதால், உள்ளே ஒன்று போனால் வெளியே எட்டாகத் தெரியும். 8 என்ற எண் பல டிஸ்க்குகளில் ஒரே ஒரு இடம்தான்.

197 பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறது. இங்கே இரண்டுக்கு வாய்ப்பு உண்டு. எழுதிக்கொண்டிருந்த கணத்தில் கரன்ட் போய், அந்தச் செக்டர் பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கலாம். தட்டில் ஒரு காயமும் இருக்காது, எழுத்துதான் அரைகுறை. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய் மாற்றாமல் வைத்திருக்கும் அலுவலகங்களில் இதை நிறையப் பார்க்கலாம். இல்லையென்றால் தட்டிலேயே காயம். இரண்டில் எது என்று படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் மறுபடி எழுதினால்தான் டிஸ்க் முடிவெடுக்கும்: எழுத்து சரியாகப் பதிந்தால் 197 குறையும், 5 ஏறாது, பதியாவிட்டால் மாற்று இடம் கொடுத்து 5 ஏறும்.

ஆகவே டேட்டா எல்லாம் வெளியே வந்த பிறகு, டிஸ்க் முழுக்க ஒருமுறை எழுத வேண்டும். ஃபார்மேட் பெட்டியில் குயிக் ஃபார்மேட் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டா முதல் இங்கே விண்டோஸ் பூஜ்யங்களை எழுதுகிறது. குயிக் ஃபார்மேட் கொடுத்துவிட்டு "ஃபார்மேட் பண்ணிட்டேன், சரியாகல" என்று சொல்ல வேண்டாம். அது அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், செக்டர்களைத் தொடாது. பார்ட்டிஷன் எல்லாம் சேர்த்து அழிக்க விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் ஆல். அங்கே டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அது "நிச்சயமா?" என்று கேட்காது.

முடிந்ததும் எண்களை மறுபடி எடுங்கள். 197 பூஜ்யம், 5 அசையவில்லை, ஸ்மார்ட்சிடிஎல்லின் நீண்ட சோதனையும் பிழையில்லாமல் முடிந்தது என்றால் அந்த டிஸ்க்கை இன்னும் நம்பலாம். 5 கொஞ்சம் ஏறி நின்றால், சினிமா வைத்துக்கொள்ளும் டிஸ்க். எழுதி முடிந்தும் 197 குறையாமல் இருந்தாலோ, ஃபார்மேட்டே முடியாமல் நின்றாலோ, குப்பை.

198, 187 ஏறியிருக்கின்றன. மாற்றுங்கள். கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைத் தானே சோதித்ததில் முதல் பிழை (ஸ்கேன் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் போவதற்கான வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று வந்தது. மறுபக்கமும் உண்டு. பேக்பிளேஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கில், செத்துப்போன டிஸ்க்குகளில் 23.3 சதவீதம், 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து வரிகளிலும் பூஜ்யம் காட்டியபடியே போயிருக்கின்றன. நீல நிறத்தில் குட் என்று காட்டுவதைப் பார்த்துவிட்டுப் பேக்கப் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிஸ்க் செக்கிங் ஓடுகிறது, அல்லது ஒரே சதவீதத்தில் நிற்கிறது

டிஸ்க் ஒழுங்காக மூடப்படவில்லை என்ற குறி விழுந்திருந்தால் விண்டோஸ் தானே செக்டிஸ்க்கை அழைக்கும். கரன்ட் போன மறுநாள் ஒருமுறை வந்தால் கவலையில்லை. தினமும் வந்தால் கவலைப்பட வேண்டும்.

இதில் /எஃப், /ஆர் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சி, எச், கே, டி, எஸ், கே என்று தட்டி, டிரைவ் எழுத்தைப் போட்டு, பின்னால் எதுவும் சேர்க்காவிட்டால் பார்த்து அறிக்கை மட்டும் சொல்லும். /எஃப் என்றால் கோப்பு அட்டவணையைத் திருத்தும். /ஆர் என்றால் அதோடு ஒவ்வொரு செக்டராகப் படித்து, படிக்க முடியாத கிளஸ்டரை (சில செக்டர்கள் சேர்ந்த தொகுதி, வழக்கமாக 4 கேபி) கெட்டது என்று குறித்து, கோப்பில் அதற்குப் பதிலாக வெற்று இடத்தை ஒட்டும். அந்த 4 கேபி போனதுதான். அது ஒரு ஜேபெக் படத்தின் நடுவில் விழுந்தால் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகும். கோப்பு அட்டவணையின் மேலேயே விழுந்தால், ஃபோல்டர் பெயர்களே போகும்.

ஆவணி முகூர்த்தம் முடிந்த ஒரு வாரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். இரண்டு டிபி டிஸ்க், ஏழெட்டுக் கல்யாணம். டிஸ்க்கைச் செருகியதும் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது, இவரும் சரி என்று அழுத்தியிருக்கிறார். "அண்ணே, ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலைல பாத்தா இந்த ஒரு ஃபோல்டர்தான் இருக்கு." திறந்தால் ஃபவுண்ட்.000. உள்ளே ஃபைல்0000, ஃபைல்0001 என்று எல்லாம் சிஎச்கே பின்னொட்டோடு, ஆயிரக்கணக்கில். படங்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டி எடுத்துக் கொடுத்தேன். பெயர் இல்லை, தேதி ஃபோல்டர் இல்லை. எந்தப் பெண் எந்தக் கல்யாணம் என்று ஸ்டுடியோப் பையன்கள் புடவையின் நிறத்தை வைத்துப் பிரித்து முடிக்க மூன்று வாரம். நான் ஸ்மார்ட் பார்த்தபோது 197-இல் இருந்தது 16. எட்டின் மடங்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டே இடம்.

செக்கிங் ஓடத் தொடங்கும் முன் சில நொடிகள் எண்ணும். அதற்குள் ஒரு விசையைத் தட்டினால் தாண்டிவிடும். டேட்டா எடுத்து முடிக்கும்வரை தானாக வராமல் இருக்க, அட்மின் கட்டளைத் திரையில் செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் டி: என்று டி டிரைவுக்குக் கொடுக்கலாம். சி, எச், கே, என், டி, எஃப், எஸ் (chkntfs) என்று எழுத்துக்கூட்டுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, 27 சதவீதத்தில் நிற்கிறது என்றால்? டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து, டிஸ்க்கிலிருந்து வினோதச் சத்தம் எதுவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நடுவில் பவரை நிறுத்துவது அட்டவணையை இன்னும் குலைக்கும். பல மணி நேரம் ஆகும். சத்தம் மாறினால் மட்டும் நிறுத்துங்கள். முடிந்த பிறகு என்ன செய்தது என்று பார்க்க, ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் வின்இனிட் என்ற பெயரில் 1001 என்ற எண்ணைத் தேடுங்கள். கீழே "இத்தனை கேபி பேட் செக்டர்ஸ்" என்ற வரியில் பூஜ்யம் இருந்தால் நிம்மதி.

## அறிகுறி: பூட் ஆகவில்லை, அல்லது "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ் என்று வந்து எஃப்1 கேட்கும். அல்லது டிஸ்க்கைச் செருகியதும் ஃபார்மேட் செய்யச் சொல்லும். இரண்டாவதில் கேன்சல் மட்டுமே பதில். அட்டவணை இருக்கும் செக்டரைப் படிக்க முடியவில்லை. கோப்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இங்கே விண்டோஸிலேயே வைத்துப் போராடாதீர்கள். அது பின்னணியில் தொட்டுக்கொண்டே இருக்கும். உபுண்டு (லினக்ஸ்) பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலைப் போடுங்கள். நிறுவும் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி இருக்கும். கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு நிரலும் உண்டு, ஏமாற வேண்டாம்.

எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்து எது எந்த டிஸ்க் என்று பாருங்கள். அளவை மட்டும் நம்பாதீர்கள், மாடலும் சீரியல் எண்ணும் பாருங்கள். இரண்டும் 1 டிபியாக இருந்து, மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டால், வெற்று டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். இந்தப் பயத்துக்காகவே டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக எடுக்காமல், பெரிய டிஸ்க் ஒன்றில் இமேஜ் கோப்பாக (மொத்த டிஸ்க்கின் நகல் ஒரே கோப்பில்) எடுப்பது என் வழக்கம். அந்தப் பெரிய டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபியில் நின்றுவிடும்.

கட்டளையில் வரிசை: மூல டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. முதல் சுற்றில் -என் சேருங்கள். கெட்ட இடத்தைச் சுரண்டாமல் தாண்டி, நல்லதையெல்லாம் முதலில் அள்ளிவிடும். பெரும்பாலான டேட்டா இந்தச் சுற்றிலேயே வந்துவிடும். நல்ல டிஸ்க்காக இருந்தால் 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம். கெட்டதற்குக் கணக்கு கிடையாது. இரண்டாம் சுற்றில் -என் எடுத்துவிட்டு -டி -ஆர்3 (-d -r3): கெட்ட இடங்களை நேரடியாக மூன்று தடவை முயலும்.

மேப் கோப்பை விட்டுவிடாதீர்கள். எது வந்தது, எது வரவில்லை என்று அதில்தான் இருக்கிறது. நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஆனால் அது பெரிய டிஸ்க்கில் இருக்க வேண்டும். பென்டிரைவ் உபுண்டுவின் டெஸ்க்டாப்பில் வைத்தால் ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போகும். ஒருமுறை 14 மணி நேர வேலை இப்படிப் போயிருக்கிறது எனக்கு.

பிறகு எந்தச் சோதனை, எந்த ரெக்கவரி என்றாலும் இமேஜின் நகலில்தான். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக், செக்டிஸ்க், எதுவும். பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய புள்ளி: முதல் சுற்றில் வேகம் கேபியில் இறங்கி மணிக்கணக்கில் ஏறவே இல்லை, அல்லது டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்ப் போய் வருகிறது, அல்லது டிக் டிக் சத்தம் தொடங்கிவிட்டது. கன்ட்ரோல் சி. நிறுத்துங்கள்.

## அறிகுறி: சிசிடிவி பதிவில் இடைவெளி, டிவிஆர் பீப் அடிக்கிறது

டிவிஆர் மெனுவில் ஹெச்டிடி நிலையைப் பாருங்கள். எர்ரர் என்றால் முதலில் உள்ளே இருக்கும் கேபிளும் அடாப்டரும். அடுத்து சூடு. பில் கவுன்டருக்குக் கீழே மரப்பெட்டியில் பூட்டி வைத்த டிவிஆரைத் திறந்து கை வைத்துப் பார்த்தாலே தெரியும்; ஸ்மார்ட்டில் 194 வரியில் 55, 60 நிற்கும். அப்புறம் டிஸ்க்கின் வகை: 24 மணி நேரமும் எழுதும் வேலைக்கு மேசைக் கணினியில் கழற்றிய டிஸ்க்கைப் போட்டிருந்தால், கண்காணிப்புக்கென்றே விற்கும் டிஸ்க்காக மாற்றுங்கள்.

திருட்டு நடந்து, அந்தப் பதிவு வேண்டும் என்றால் மட்டும் டிவிஆரை உடனே நிறுத்துங்கள். ஓட விட்டால் பழையதன்மேல் எழுதும். டிஸ்க்கைக் கணினியில் செருகினால் "இனிஷியலைஸ்" கேட்கும். டிவிஆரின் கோப்பு முறை விண்டோஸுக்குப் புரியாது, அதனால்தான். அழுத்தாதீர்கள். நேராக டிவிஆர் ரெக்கவரி தெரிந்தவரிடம்.

## அறிகுறி: டிக் டிக் சத்தம், டிடெக்ட் ஆகவில்லை, சுற்றி நிற்கிறது

நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று: வேறு பவர் கனெக்டர், வேறு கேபிள், ஒரே ஒரு முறை. அதற்கும் சத்தம் வந்தால் கழற்றிவிடுங்கள். இது பேட் செக்டரைத் தாண்டிய நிலை, தட்டைப் படிக்கும் ஹெட் போயிருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறும்.

ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே நீர்த்துளி கோக்கும். அதே மாடலின் பச்சை போர்டை வாங்கி மாற்றுவதும் இப்போது நடக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுத் திருத்தங்கள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றத் தெரிய வேண்டும்.

சில 2.5 அங்குல வெளி டிஸ்க்குகளில் யூஎஸ்பி இணைப்பு போர்டிலேயே பற்ற வைத்திருக்கும். பெட்டியை உடைத்து உள்ளே சாட்டா தேடினால் இருக்காது.

ரெக்கவரி மையத்தில் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பார்த்துச் சொல்ல எவ்வளவு? டேட்டா வராவிட்டால் எவ்வளவு? தூசில்லா அறை உங்களிடமே இருக்கிறதா, வெளியூருக்கு அனுப்புவீர்களா? இதற்கு முன் யார் யார் என்ன முயன்றார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம்.

## அறிகுறி: புது டிஸ்க் போட்ட பிறகும் செக்டிஸ்க் பேட் செக்டர் காட்டுகிறது

கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஸ்மார்ட்டைப் பாருங்கள். 5, 197, 198 மூன்றும் பூஜ்யம் என்றால் டிஸ்க் நல்லது. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ததில், "இந்தக் கிளஸ்டர்கள் கெட்டவை" என்ற பழைய பட்டியலும் சேர்ந்து வந்திருக்கிறது. செக்டிஸ்க்கை /பி சேர்த்து ஓட்டினால், அந்தப் பட்டியலை மறுபடி சோதித்து நல்லவற்றை விடுவிக்கும். என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் மட்டும்தான் இது.

மூன்றில் எதுவோ ஏறியிருந்தால் 9 என்ற வரியையும் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும். நேற்று வாங்கிய டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாரண்டிக்கு அனுப்பும் டிஸ்க் இன்னும் ஓடுகிறதென்றால், அனுப்பும் முன் ஒரு கிளீன் ஆல் கொடுத்துவிடுங்கள். போன டிஸ்க் திரும்பி வருவதில்லை, வேறொன்றுதான் வரும்.